வாசலுக்கு மேலே மண்கூடு

1

மணி சாயங்காலம் எட்டரை. நம்ம ஊரில் இந்நேரம் சாப்பிட்டுக் கைகழுவிப் பாயை உதறிப் போட்டிருப்பீர்கள். இங்கே சூரியன் இன்னும் எதிர்வீட்டுப் புகைபோக்கிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. கோடைக்காலத்தில் அதற்கு வீட்டுக்குப் போகிற எண்ணமே கிடையாது. நான் பின்புறத் தோட்டத்தில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் தங்கச்சிமடத்துக் கரையில் இரண்டு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். ஆனால் அதற்குள் நடக்கிற கூத்தைப் பார்க்க எனக்குப் பொழுது போதவில்லை. புகைபோக்கி உச்சியில் ஒரு கறுப்புக் குருவி, மூக்கு மட்டும் மஞ்சள், தினமும் இந்த நேரத்துக்கு வந்து பாடுகிறது. பாடி முடித்துவிட்டுத் தலையைச் சாய்த்து, நன்றாக இருந்ததா என்று கேட்பதுபோலப் பார்க்கும். வேலியோரப் புழுதியில் சிட்டுக்குருவிகள் குளிக்கின்றன. நம்ம சிட்டுக்குருவியேதான். பாஸ்போர்ட்டும் இல்லாமல் விசாவும் இல்லாமல் எப்படி வந்து சேர்ந்தன என்று தெரியவில்லை.

வெளிச்சம் மங்கும்போது சாமான் கொட்டகைக்கு அடியிலிருந்து ஒரு முள்ளெலி வெளியே வரும். முள்ளெலி நம்ம பக்கத்துத் தேரி மணற்காட்டிலும் உண்டு. கக்குவான் இருமலுக்கு மருந்து என்று அதைப் பிடித்துச் சுட்டுப் பொடி பண்ணுவார்கள். இங்கே அதற்குத் தட்டில் பால் வைக்கிறார்கள். இடம் மாறினால் யோகம் மாறும் என்பது முள்ளெலிக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

கடற்காகங்களோடு மட்டும் எனக்கு ஆகாது. இது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். நான் மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் வேலை பார்க்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதே தோளுக்கு மேலால் வந்து மீனைக் கொத்திக்கொண்டு போகிற சாதி அது. திருட்டு என்றால் பட்டப்பகல் திருட்டு.

இந்த ஊருக்கு வந்து பதினொரு வருசம் ஆகிறது. முதல் மூன்று வருசம் இங்கே பறவை இருந்ததே எனக்குத் தெரியாது, குளிர்தான் தெரிந்தது. கடற்கரையில் பிறந்தவன் பறவையைப் பார்ப்பது மீனைப் பார்ப்பதற்காகத்தான். ஆலாப் பறவைக் கூட்டம் ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் அங்கன சாளை மீன் கிடக்கிறது என்று எங்க அய்யா வள்ளத்தைத் திருப்புவார். மீனைக் காட்டாத குருவியை எங்கள் வீட்டில் யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. என்னைத் திருத்தியவள் புஷ்பம்தான். அவள் என் மனைவி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

2

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூத்தவள் அமலிக்கு ஏழு வயது முடிகிறது. அவளுக்கு இந்தத் தோட்டத்துக்கு வருகிற பறவைகளில் இருபதுக்கு மேல் பெயர் தெரியும், அத்தனையும் இங்கிலீஷில். தமிழில் காக்கா தெரியும். வக்கா என்றொரு பறவை நம்ம ஊரில் உண்டு என்று சொன்னேன். காக்காவின் தம்பியா என்று கேட்டுச் சிரித்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இப்படியே இருவரும் தடையில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். முன்பெல்லாம் இது என்னை உறுத்தும். இப்போது, கேட்பதாவது புரிகிறதே என்று ஆறுதல்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சர், நீங்கள் பிறந்த வருசத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறாள். அமலி நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு மணி நேரம் சொன்னேன். அவள் எழுதியது மூன்று வரி. என் அப்பா வீட்டுக்காரருடைய பீன்ஸ் செடிகளைக் கொன்றார். வீட்டுக்காரர் கோபப்பட்டார். பிறகு நான் பிறந்தேன்.

மூன்று வரியிலும் பொய் இல்லை. ஆனால் அந்தக் கோடையில் எங்கள் தலைக்கு மேலே இருந்த கூரை போக இருந்தது. அவள் அம்மா ஏழு மாத வயிற்றோடு தெருவில் நிற்க இருந்தாள். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு என்றால் சொல்லிவிடலாம்.

3

அப்போது இந்த ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. வாடகைக்கு விடப்படும் என்று அட்டை தொங்கும். நிறமுள்ளவர்களுக்கு இல்லை என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கும். பச்சைக்குழந்தை உள்ளவர்களுக்கும் பல இடத்தில் இல்லை. புஷ்பம் நர்ஸ் உடுப்போடு போய்க் கதவைத் தட்டியதால் ஒரே ஒரு வீட்டில் கதவை மூடவில்லை. அந்த வீட்டுக்காரர் பெயர் கார்ட்டர். மீன்பிடிக் கப்பலில் முப்பது வருசம் இருந்து ஓய்ந்தவர். மனைவி இறந்துபோய், கீழ்வீட்டில் தனியாக இருந்தார். மேல்மாடி எங்களுக்கு.

கார்ட்டருக்கு உலகத்தில் இரண்டு பிடிமானம். ஒன்று வாசற்படி. தினமும் காலையில் அதைத் தேய்த்துக் கழுவி ஓரத்தில் வெள்ளைக்கல்லால் கோடு இழுப்பார். நம்ம பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்று பின்புறத்தில் குச்சி நட்டு ஏற்றிய பீன்ஸ் கொடி. கடலில் ஒரு பச்சை இலையைப் பார்க்காமல் ஆயுசைக் கழித்தவர் அதைத் தடவித் தடவிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மே மாதம் ஒரு சோடிக் குருவி வந்தது. நம்ம பக்கம் மார்கழியில் தந்திக்கம்பியில் வரிசையாக உட்காருமே, கத்தரிவால் குருவி, அதன் சித்தப்பா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருநீல முதுகு, வெள்ளை வயிறு, காலில்கூட வெள்ளை ரோமம். வாயில் சேறு உருட்டி உருட்டிக் கொண்டுவந்து கூரை விளிம்புக்கு அடியில், சரியாக வாசற்படிக்கு மேலே, கொட்டாங்கச்சியைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல ஒரு மண்கூடு கட்டியது. எங்கள் மாடி ஜன்னலிலிருந்து தலையை நீட்டினால் பக்கத்தில் தெரியும், கை எட்டாது.

கூடு கட்டினால் எச்சம் போடும். எச்சம் கார்ட்டரின் வாசற்படியில் விழும். வழக்கமாக அவரே ஏணி போட்டுக் கட்டக் கட்டத் தட்டிவிடுவாராம். அந்த வருசம் முழங்காலில் ஆபரேஷன். அதனால் என்னைக் கூப்பிட்டார். அவர் பேச்சை நம்ம பேச்சில் போட்டால் இப்படி வரும்.

"தம்பி, ஒனக்குக் கால் நல்லா இருக்கு. ஏணி அங்கன கெடக்கு. அதைத் தட்டி விட்டுரு."

எனக்கு இதில் ஒரு யோசனையும் இல்லை. ஏணியைச் சாத்தினேன், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏறினேன். பாதி ஏறும்போது மாடி ஜன்னல் திறந்தது.

"என்ன பண்றீக அங்கன?"

"கூட்டத் தட்டப் போறேன்."

"எறங்குங்க."

"கார்ட்டர் சொல்லிட்டாரு, புஷ்பம்."

"யாரு சொன்னாலும் எறங்குங்க. பிள்ள பெற வந்தவள வெளக்கமாத்தால அடிச்சு வெரட்டுவாகளா? நானும் வயித்தத் தள்ளிக்கிட்டுத்தான நிக்கிறேன்."

இறங்கிவிட்டேன். கீழே வந்து கார்ட்டரிடம், முட்டை வைத்துவிட்டது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பாதி உண்மையைச் சொன்னேன். அவர் என் முகத்தையும் பார்த்தார், மாடி ஜன்னலையும் பார்த்தார்.

4

புஷ்பம் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கடற்கரைக்காரர்களுக்கு விளங்காது. அவள் ஊர் அபிராமத்துக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரை. ஐப்பசி மழை விழுந்து கண்மாய் பெருகினால், தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரமெல்லாம் பறவை இறங்கும். நாரை, கூழைக்கடா, வக்கா. மரம் பச்சை தெரியாமல் வெள்ளையாகிவிடும். அந்த ஊர்க்காரர்களுக்கு அவை பறவை இல்லை, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிற மகள்கள். வந்த நாளிலிருந்து குஞ்சு பறக்கிற வரைக்கும் அங்கே கொட்டுச் சத்தம் கிடையாது, வெடி கிடையாது. கோயில் திருவிழாவுக்கும் இல்லை, மாதா கோயில் கிறிஸ்துமஸுக்கும் இல்லை.

கல்யாணம் முடிந்து முதல் கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே போனேன். எங்கள் கரையில் கிறிஸ்துமஸ் என்றால் வெடிதான். புது மாப்பிள்ளை வெறுங்கையோடு போனால் மரியாதையாக இருக்குமா? ஒரு சாக்குப்பை நிறைய ஓலைவெடி கொண்டுபோயிருந்தேன். பூசை முடிந்ததும், யாரிடமும் கேட்காமல் கண்மாய்க்கரையில் நின்று ஒன்றைக் கொளுத்திப் போட்டேன். மரம் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. வானம் இருட்டிப் போயிற்று. திரும்பிப் பார்த்தால் ஊர் முழுக்கக் கரையில் நிற்கிறது. மடையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர் மட்டும் கிட்ட வந்தார்.

"மாப்பிள்ள, ஒங்க ஊர்ல பிள்ள பெத்த வீட்டு வாசல்ல வெடி போடுவாகளா?"

"போட மாட்டாகய்யா."

"இங்கன எறநூறு பேரு பெத்துக் கெடக்காக. பைய உள்ள வைங்க."

அந்த ஊரில் இன்றைக்கும் என் பெயர் வெடி மாப்பிள்ளை.

இதையெல்லாம் நினைத்துத்தான் அந்த மே மாதத்தில் ஏணியிலிருந்து இறங்கினேன். இன்னொரு காரணமும் உண்டு. புஷ்பத்துக்கு அது தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம்ம பக்கம் எழுதாத சட்டம். கப்பலில் மூன்று வாரம், கையில் ஒரு ஆளுக்குக்கூட டிக்கெட்டுக்கு வழியில்லை. அவள் ஒருநாளும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் ஊரிலிருந்து கடிதம் வந்தால் படித்துவிட்டு அதை மடித்த மடிப்பிலேயே மடித்து வைக்க வெகுநேரம் எடுத்துக்கொள்வாள். அவள் கேட்டது ஒரு மண்கூட்டைத்தான். அதையாவது கொடுப்போம் என்று இருந்தது எனக்கு.

5

ஆகவே நான் சமாதானத்தூதனானேன். வேலைக்குப் போகுமுன் வாசற்படியை நானே கழுவினேன். கார்ட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வெளியே வந்து திரும்பவும் கழுவினார். கூட்டுக்கு நேர் கீழே ஒரு தகரத் தட்டு வைத்தேன். அதில் யாரோ கால் இடறி, அந்தச் சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

ஒருநாள் சாப்பிடும்போது புஷ்பம் சொன்னாள், "எங்க ஊர்ல கண்மாய்த் தண்ணி பாயிற வயலுக்கு எருவே போட மாட்டாக. எல்லாம் குருவி எச்சந்தான். நெல்லு அப்படி வெளையும்."

எனக்குப் பொறி தட்டியது. எந்த எச்சத்தால் கார்ட்டருக்குக் கோபமோ அதே எச்சத்தால் அவர் பீன்ஸ் காய்த்துக் குலுங்கினால்? மறுநாளே தகரத்தட்டில் சேர்ந்ததைச் சுரண்டினேன். ஒரு பிடிகூடத் தேறவில்லை. அதற்கென்ன, எங்கள் ஏலக்கொட்டகைக் கூரையில் கடற்காகங்கள் வருசக்கணக்காகப் போட்டு வைத்தது வெள்ளைப் பாறையாகக் கிடக்கிறது. ஒரு சாக்கு வெட்டி எடுத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். கார்ட்டர் முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில், பன்னிரண்டு கொடிக்கும் அடியில் தாராளமாக வைத்துத் தண்ணீர் ஊற்றினேன்.

விவசாயம் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்திருப்பீர்கள். ஒரு கண்மாய்த் தண்ணீரில் கரைந்து போகிற எச்சம் வேறு, வேரடியில் சாக்கோடு கொட்டுகிற எச்சம் வேறு. நான் வலை இழுத்துப் பழகியவன், அதிகம் இழுத்தால் அதிகம் வரும் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. நாலாம் நாள் இலை ஓரம் கருகியது. ஒரு வாரத்தில் பன்னிரண்டும் வெந்த கீரை மாதிரி தொங்கின.

"கடல்காக்கா எச்சத்தையா போட்டீக?" என்றாள் புஷ்பம். "அது உப்பும் காரமுமால்ல இருக்கும். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

கார்ட்டர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்றாம் நாள் தபாலில் கடிதம் வந்தது. கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்குப் பதினாறு படி, அதற்குத் தபால்தலை ஒட்டி அனுப்பியிருந்தார். ஜூன் முடிவதற்குள் கூடு அகற்றப்பட வேண்டும். அகற்றப்படாவிட்டால் அவரே அகற்றுவார், நாங்கள் இரண்டு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு நகராட்சி வீட்டு அலுவலகத்துக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண், மிஸ்டர் சவரிமுத்து என்று கூப்பிட்டாள். அது எங்க அய்யா பெயர். அய்யா இங்கே எங்கே வந்தார் என்று ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் அப்பன் பெயர் பின்னால் இருக்கிறது, இவர்கள் பின்னால் இருப்பதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மொத்தம் எத்தனை பேர் என்றாள். இரண்டு, ஆகஸ்டில் மூன்று என்றேன். பிறக்காதவர்களுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றாள். காத்திருப்போர் பட்டியலில் எங்கள் முறை எப்போது வரும் என்று கேட்டேன். அவள் இரக்கமுள்ளவள். பதிலைச் சொல்லாமல் பென்சிலைக் கீழே வைத்தாள்.

திரும்பி வந்ததும் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். புஷ்பம் டாக்டரிடம் காட்டப் போயிருந்தாள். நான் ஏணியைச் சாத்தித் துடைப்பத்தோடு ஏறினேன். அவள் கோபிப்பாள், ஒரு வாரம் பேச மாட்டாள், ஆனால் பிள்ளை பெறும்போது தலைக்கு மேல் கூரை இருக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் போனதும் அதன் வாசலில் மூன்று குஞ்சுத் தலை எட்டிப் பார்த்தது. துடைப்பத்தைத் தாய் என்று நினைத்து மூன்றும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. உள்ளே மஞ்சள். வலையில் ஆயிரம் மீன் துடிக்கப் பார்த்தவன் நான், ஒருநாளும் மனசு இளகியதில்லை. அன்றைக்கு என்னால் முடியவில்லை. துடைப்பத்தை இறக்கிக்கொண்டு, எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று தெரியாமலேயே கீழே வந்தேன்.

6

ஜூன் கடைசி நாள். வேலை முடிந்து சைக்கிளில் தெருமுனை திரும்பும்போதே பார்த்துவிட்டேன். கார்ட்டர் ஏணியில் நின்றார். வெட்டிய முழங்கால், கையில் நீளக் கம்பு. மாடி ஜன்னலில் புஷ்பம். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏணியைப் பிடித்தேன். வேறென்ன செய்ய முடியும், அவர் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. கூட்டை இடிக்கிறவருக்கு நானே ஏணி பிடிக்கிற நிலைமை.

புஷ்பம் ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் பேசினாள். அந்தக் குரலுக்கு டாக்டரே நிற்பார்.

"மிஸ்டர் கார்ட்டர், தையல் பிரிச்சு எத்தன நாளாச்சு? யாரு ஒங்கள ஏணியில ஏறச் சொன்னது?"

"கடுதாசி எழுதியிருக்கேன். சொன்னாச் சொன்னதுதான்."

"இன்னும் பதினெட்டு நாள்தான். பறந்து போயிரும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். காய்ச்சல் குறிக்கிற ஆஸ்பத்திரி அட்டை. நர்ஸுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. லீவில் வீட்டில் இருந்தவள் முட்டை வைத்த நாள், பொரித்த நாள், தாயும் தகப்பனும் மணிக்கு எத்தனை தடவை இரை கொண்டுவந்தார்கள் என்று எல்லாம் கட்டம் கட்டமாகக் குறித்து வைத்திருந்தாள். கார்ட்டர் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, ஏணியில் நின்றபடியே அதைப் படித்தார். எனக்குக் கை வலித்தது.

"நேத்துக் காலம்பற எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல இருபத்திரெண்டா போட்டிருக்க?"

"ஆமா."

"தப்பு. இருபத்தினாலு. நான் கீழ இருந்து எண்ணுனேன்."

அவருக்கே தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும், கழுத்து சிவந்துவிட்டது. எழுதிக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் மனுசன் ஏறியிருக்கிறார், இறங்க ஒரு வழி காட்டினால் போதும் என்று எனக்குக் கீழே நின்றபோதுதான் விளங்கியது.

புஷ்பம் சிரிக்கவில்லை. "நான் கஞ்சி வைக்கப் போனேன், அதுல ரெண்டு விட்டுப் போயிருக்கும்" என்று சொல்லி அட்டையை வாங்கித் திருத்தினாள். பிறகு தன் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். கண்மாய், மரம், மகள்கள் வருவது, ஊரே குரலைத் தாழ்த்திக்கொள்வது எல்லாம். அவள் இங்கிலீஷ் ஆஸ்பத்திரி இங்கிலீஷ், அலங்காரம் கிடையாது. கார்ட்டர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"ஒனக்கு இதுதான் மொதல் பிள்ளையா?"

"ஆமா."

"ஒங்க அம்மா?"

"ஊர்ல இருக்காக. வர முடியாது." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. நான் ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார்ட்டர் ஒவ்வொரு படியாக இறங்கினார். கம்பை என் கையில் கொடுத்தார்.

"பதினெட்டு நாள். நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருப்பேன்."

வீட்டைக் காலி செய்வதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. வாசல் நிலைக்கு மேலே ஒரு பலகையைச் சாய்த்து அடித்துக்கொண்டிருந்தார், எச்சம் படியில் விழாமல் பக்கவாட்டில் போய் விழுகிற மாதிரி. புஷ்பம் ஜன்னலைத் திறந்து உதட்டில் விரல் வைத்தாள். அவர் சுத்தியலில் துணியைச் சுற்றிக்கொண்டு மீதியை அடித்தார்.

7

பதினேழாம் நாளே குஞ்சுகள் பறந்துவிட்டன. அந்தச் செய்தியைச் சொல்லக் கார்ட்டர் பதினாறு படி ஏறி வந்தார், முதல் தடவையாக. புஷ்பம் டீ போட்டுக் கொடுத்தாள். ஊரிலிருந்து வந்த கருவாட்டை வறுத்துக் கொடுத்தேன். உப்பு தூக்கல் என்றார். மூன்று துண்டு சாப்பிட்டார்.

அதற்கப்புறம்தான் எங்களுக்குச் சங்கடம். இந்தக் குருவி ஒரு கோடையில் இரண்டு தடவை பெறும் என்று கண்மாய்க்கரைக்காரிக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து அதே கூட்டில் அதே தாய் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. கடன்காரன் மாதிரி ஒளிந்து நடந்தேன். கார்ட்டர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. அவ மக மறுபடியும் படுத்துட்டா."

கோபமா வேடிக்கையா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. மேலே போய்ச் சொன்னேன். புஷ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அப்புறம் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணக் கார்ட்டர்தான் தெருமுனைக்கு நொண்டிக்கொண்டே ஓடினார்.

அமலி மறுநாள் விடியும் நேரம் பிறந்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே குருவிகள் போட்ட சத்தத்தில் அவள் அழுகை எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. தாயும் பிள்ளையும் சுகம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார்கள். நான் துணிமணி எடுத்துவர வீட்டுக்கு நடந்தேன். நல்ல வெயில், தெருவில் எல்லாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

வீட்டு வாசலில் கரி வண்டி நின்றது. கோடையில் விலை குறைவு என்று இங்கே குளிர்காலத்துக்கு இப்போதே கரி வாங்கி வைப்பார்கள். மூட்டையைத் தோளிலிருந்து அப்படியே கவிழ்த்தால் தெரு அதிரும். கரிக்காரன் முதல் மூட்டையைத் தூக்கிவிட்டான். கார்ட்டர் வீட்டுக்குள்ளிருந்து கையை வீசிக்கொண்டு வந்தார்.

"மெதுவா, மெதுவா. மேல பிள்ள பெத்தவ படுத்திருக்கா."

கரிக்காரன் மாடி ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுக்கொண்டான். மூட்டையைத் தரையில் இறக்கி, கைகளால் அள்ளி அள்ளி உள்ளே போட ஆரம்பித்தான். ஒன்பது மூட்டைக்கும் அப்படியே செய்தான்.

மாடியில் யாரும் இல்லை. புஷ்பமும் பிள்ளையும் ஒரு மைலுக்கு அப்பால் இருந்தார்கள் என்பது கார்ட்டருக்கு நன்றாகத் தெரியும், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவரே அவர்தான். கூட்டு வாசலில் தாய்க்குருவியின் வெள்ளைக் கழுத்து மட்டும் தெரிந்தது. கார்ட்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் மாடி ஏறினேன்.